பாக்கணும்னுதான் கேட்டா

அண்ணாச்சி தமிழ்தான? நினைச்சேன். மடியில முறுக்குப் பொட்டணத்த அணைச்சிப் பிடிச்சிருக்கதப் பாத்தாலே தெரியுதே. எங்க, நாகர்கோவிலா? அப்பம் நம்ம பிளேன்தான். திருவனந்தபுரத்துக்கு ஏத்த இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகுமாம். நம்மளத் தள்ளிக்கிட்டு வந்த பய வரிசையா நிப்பாட்டிட்டு எங்கயோ போயிட்டான்.

காலுல எதுவும் அடியா? இல்லையா? எனக்கும் இல்ல. மக டிக்கெட்டு போடும்போதே வீல் சேருன்னு சேத்துப் போட்டுட்டா. நடக்க முடியாம இல்ல, வழி கேக்கத் தெரியாம. இந்த வரிசையில பன்னெண்டு பேரு இருக்கோம், பத்துப் பேரு நம்ம ஊரு ஆளுக. பத்துப் பேருக்கும் காலு நல்லாத்தான் இருக்கும்.

அந்தா, தூணுக்கு அந்தப் பக்கம், கருநீலச் சேலை, மடியில பழுப்புப் பை. அவதான் என் வீட்டுக்காரி, செண்பகவல்லி. பக்கத்துல நிறுத்தச் சொல்லலாமேன்னு கேக்கீயளா? சொல்லலாம். அவன் நிறுத்துன எடத்துல இருக்கோம், அது இருக்கட்டும்.

எம் பேரு சங்கரபாண்டியன். கோவில்பட்டி. பஸ் டிப்போவுல முப்பத்திரெண்டு வருசம் டைம் கீப்பர். எந்த வண்டிய எத்தன மணிக்கு எடுக்கணும், எந்த டிரிப்ப வெட்டணும், எதை எது கூடச் சேக்கணும், அதான் சோலி. ரிட்டயர் ஆயி நாலு வருசம் ஆச்சி, அந்தப் புத்தி மட்டும் போகல. அதாலதான் இவ்வளவும்.

நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. யார்கிட்டயும் சொல்லல. அது ஒரு மிருகத்துக்குச் செஞ்ச பாவமா, மனுசங்களுக்குச் செஞ்ச பாவமான்னு எனக்கே பிடிபடல. மிருகம்னா ஒரு பரிகாரம் பண்ணிரலாம். சங்கரன்கோவில் போயி ஏதாவது வேண்டிக்கிடலாம். மத்ததுக்கு என்ன செய்யன்னுதான் தெரியல. கேக்கீயளா? எப்படியும் சும்மாதான இருக்கோம்.

எங்களுக்கு ஒரே மக, மதிவதனி. வதனின்னு கூப்பிடுவோம். புருசன் புள்ளையோட ஃபுளோரிடாவுல இருக்கா. இந்தத் தைப் பொங்கலன்னைக்கி வீடியோ காலுல பேசிக்கிட்டு இருக்கும்போது அவ அம்மாவுக்கு ஒரு படம் காமிச்சா. ஸ்லாத்துன்னு ஒரு பிராணி. நம்ம ஊரு தேவாங்கு மாதிரி இருக்கும், ஆனா தேவாங்கு இல்ல. நீள நீளமா நகம். மரத்துல தலைகீழாத் தொங்கும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் மரத்துலதான். வாரத்துக்கு ஒரு தடவதான் கீழ எறங்குமாம். ஸ்லாத்துன்னாலே சோம்பேறின்னுதான் அர்த்தம்னு வதனி சொன்னா.

செண்பகம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு கேட்டா, "வாரத்துல ஒரு தடவதான் எறங்குமா? அதை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

நானும் வதனியும் விழுந்து விழுந்து சிரிச்சோம். காட்டுல இருக்கத யாரு வைய? அவளும் கூடச் சேந்து சிரிச்சா. எனக்கு அந்தக் காலத்துல மொத ஷிப்டு, நாலரைக்கு டிப்போவுல இருக்கணும், அவ மூணரைக்கு எந்திரிச்சி டீப் போட்டு, டிபன் கட்டிக் குடுப்பா. அந்தப் பழக்கத்துல இப்பவும் மூணரைக்கு எந்திரிச்சிருவா. நான் எழுப்புறதே இல்ல, தானா எந்திரிப்பா. நல்ல பழக்கம். எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்னு தெரியல.

சிரிச்சி முடிச்சிட்டு சொன்னா, "வதனி, நாங்க அங்க வரும்போது இதை ஒரு தடவ பாக்கணும்டி."

முப்பத்தொம்பது வருசத்துல அவ வாயத் தொறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது ரொம்பக் கொஞ்சம் அண்ணாச்சி. கேட்டப்ப எல்லாம் நான் ஒண்ணுக்குப் பத்தாத்தான் செஞ்சிருக்கேன். ஒரு தடவ திருச்செந்தூருக்குப் போயி கடலப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும்னா. ரெண்டு பேரு போறதுக்கு எதுக்கு பஸ்ஸுன்னு ஒரு வேனே பிடிச்சேன். எங்க அக்கா, தங்கச்சி, அவுக வீட்டு ஆளுக, எல்லாமா பதினெட்டுப் பேரு. புளியோதரை, தயிர்ச்சோறு, வடை. எல்லாம் செண்பகம் கையாலதான், வெளிச் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கிடாது பாத்துக்கிடுங்க. எல்லாரும் என்ன சந்தோசப்பட்டாக தெரியுமா. இன்னைக்கும் சொல்லிக்காட்டுவாக. அவ கடலப் பாத்தாளான்னா, பாத்திருப்பா.

வதனி அன்னையில இருந்து இந்த ஸ்லாத்து விசயத்தப் பிடிச்சிக்கிட்டா. மாப்பிளைக்கு லீவு கெடைக்கிற நேரத்துக்கு ஒரு கப்பல் பயணம் போட்டாக. கப்பல்னா தூத்துக்குடியில நிக்கிற சரக்குக் கப்பல் இல்ல, பதினாறு மாடி. அது நாலு ஊருல நிக்கும். ஒரு ஊரு ஹோண்டுராசுன்னு ஒரு நாட்டுல ஒரு தீவு. அங்க காட்டுக்குள்ள ஒரு எடம். அடிபட்ட ஸ்லாத்த எல்லாம் கொண்டாந்து வைத்தியம் பாத்து மரத்துல விட்டு வச்சிருக்காகளாம். நடந்து போயி கீழ நின்னு பாக்கலாம். தொடக்கூடாது, தூக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. மூணு மாசம் தேடி இந்த எடத்தப் பிடிச்சா. வயித்துல ரெண்டாவது புள்ளைய வச்சிக்கிட்டு, வேலைக்கும் போயிக்கிட்டு, ராத்திரி உக்காந்து அந்த எடத்துக்காரனுக்கு லெட்டர் எழுதுவா. அம்மாவுக்கு ஏத்தம் ஏற முடியாது, படி எத்தன இருக்கு, உக்கார பெஞ்சு இருக்கா, எல்லாம் கேட்டு எழுதுனா.

நாங்க பங்குனியில போனோம். போனதும் எங்கிட்ட எல்லாத்தையும் காமிச்சா. நான் கேட்டேன், "ஏம்மா, இவ்வளவு தூரம் போயி மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துட்டா வரணும்? தூக்கிப் போட்டோ எடுக்கிற எடமும் இருக்குதாமே?"

"இருக்குப்பா. ஆனா அது அதுக்கு நல்லதில்ல. பயத்துல அசையாம இருக்கும், நாம அது சொகமா இருக்குன்னு நினைச்சிக்கிடுவோம். அம்மா பாக்கணும்னுதான கேட்டாங்க."

சரிம்மான்னு சொல்லிட்டேன். வாயிதான் சொல்லிச்சி. மனசுக்குள்ள வேற சார்ட்டு போட ஆரம்பிச்சிட்டேன். பத்து மணிக்கு அவ ஏற்பாடு பண்ணுன ஆளு வருவான். முக்கா மணி நேரம் வண்டி, ஒரு மணி நேரம் நடை, திரும்ப முக்கா மணி நேரம். எல்லாம் ஒரு பிராணிய அண்ணாந்து பாக்க. இதே நேரத்துல பாதிய வெட்டுனா, தூக்கி வச்சி போட்டோ எடுத்துட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு வந்துரலாம். டைம் கீப்பர் புத்தி.

இதுல இன்னொண்ணும் இருக்கு. வெள்ளிக்கிழமை அது. பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலம். நான் ஊருல இருந்து நாள்காட்டியப் பெட்டிக்குள்ள வச்சிக் கொண்டு போயிருந்தேன். அந்தத் தீவுல ராகு காலம் எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும், கோவில்பட்டி ராகு காலத்தத்தான் வச்சேன். பொண்டாட்டி ஆசையா கேட்ட ஒரு காரியம், ராகு காலத்துலயா செய்யன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு அண்ணாச்சி. ராகு காலம் எல்லாம் சாக்கு. எங்க டிப்போ ஆளுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. அதுல சுடலைமணின்னு ஒருத்தன், ரிட்டயர்டு செக்கிங், துபாய் போயி ஒட்டகத்து மேல உக்காந்து ஒரு போட்டோ போட்டான். ஆறு மாசம் அதுலயே சவாரி பண்ணுனான். நானும் ஒண்ணு போடணும்னு எனக்கு இருந்துச்சி. மரத்துல எலைக்கு நடுவுல ஒரு பழுப்பு உருண்டை தெரியுதுன்னு போட்டா எவன் பாப்பான்?

அன்னைக்கிக் காலையில பேரனுக்குக் காய்ச்சல். வதனியும் மாப்பிளையும் கப்பல்லயே இருந்துட்டாக. வதனிக்கு மூஞ்சியே செத்துப்போச்சி. அம்மா அதைப் பாக்கும்போது கூட இருக்கணும்னு ஆசைப்பட்டிருந்தா. எங்கிட்ட ஒரு தாளக் குடுத்தா. "அப்பா, வெளி கேட்டுல பத்து மணிக்கு ஒரு ஆளு பேரு எழுதுன அட்டையப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு. அவரு கூட மட்டும் போங்க. வேற யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க." தாள வாங்கி சட்டப் பையில வச்சேன்.

ஒம்பது மணிக்கே செண்பகத்தக் கெளப்பிட்டேன். "பத்து மணின்னாளே"ன்னு கேட்டா. "ராகு காலம் வருதுன்னு வதனிதான் முன்னாடி மாத்திட்டா"ன்னு சொன்னேன். செண்பகம் நின்னுட்டா. "அவ எப்ப ராகு காலம் எல்லாம் பாத்தா?" "உனக்காகப் பாத்திருக்கா." அவ மூஞ்சி அப்படி மலந்திருச்சி அண்ணாச்சி. நம்ம புள்ள நமக்காக நாள்காட்டி பாத்திருக்காளேன்னு. அந்த மூஞ்சியப் பாத்ததும், சரி, நல்லதுதான் செஞ்சிருக்கோம்னு நினைச்சிக்கிட்டேன். பாத்துக்கிடுங்க, ஒரு பொய்யச் சொல்லிட்டு அதுக்குச் சந்தோசப்பட்டுக்கிட்டு நடக்கேன்.

வெளி கேட்டுக்குப் பக்கத்துல அவள ஒரு நெழல்ல உக்கார வச்சிட்டு நான் மட்டும் முன்னால போனேன். டாக்ஸிக்காரனுக ஈ மொய்ச்ச மாதிரி வந்தானுக. அதுல ஒருத்தன் ஒரு வெள்ளைக்காரப் பொம்பள ஸ்லாத்தக் கட்டிப்பிடிச்சிருக்க படத்தப் பிளாஸ்டிக் போட்டு கையில வச்சிருந்தான். எனக்கு டிப்போ இங்கிலீசுதான் தெரியும், அது போதும். படத்தக் காமிச்சேன், தலைய ஆட்டுனான். முடிஞ்சிது.

இப்ப சொல்லப் போறதுதான் அண்ணாச்சி என் நெஞ்ச அறுக்குது.

திரும்பி செண்பகத்தக் கூப்பிட வாரேன். ஒரு நெட்டையான ஆளு, காக்கி டவுசரு, தொப்பி, கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிக்கான். பத்து மணிக்கு வர வேண்டியவன், ஒம்பதே காலுக்கே வந்துட்டான். நெஞ்சுக்கு நேரா ஒரு அட்டையப் பிடிச்சிருக்கான். அட்டையில என் பேரு இல்ல. மாப்பிள பேரு இல்ல. செண்பகவல்லின்னு இங்கிலீசுல, பெரிய பெரிய எழுத்து. கீழ ஒரு ஸ்லாத்து படம் கையால வரைஞ்சிருந்துச்சி. வதனிதான் அவனுக்குச் சொல்லி எழுத வச்சிருக்கா. அம்மா அதைப் பாக்கணும்னு.

எங்க வீட்டுல கேட்டுல என் பேரு இருக்கு. கரண்டு பில்லு என் பேரு. கல்யாணப் பத்திரிகை எல்லாம் திரு. சங்கரபாண்டியன் குடும்பத்தார்னுதான் வரும். அவ பேர ஒரு எடத்துல பெருசா எழுதி நான் பாத்தது அன்னைக்கித்தான். அவ எட்டாங் கிளாசு படிச்சவ, தன் பேர இங்கிலீசுல நல்லா வாசிப்பா, பேங்குல கையெழுத்தே இங்கிலீசுலதான் போடுவா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவ கையப் பிடிச்சி எழுப்பி, "அந்தா பாரு, கடல் எப்படிப் பச்சையா இருக்கு"ன்னு அந்தப் பக்கமா திருப்பிவிட்டு, அந்த ஆளுக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். அவ கடலப் பாத்துக்கிட்டே நடந்தா. டிப்போவுல எத்தனையோ டிரிப்ப வெட்டியிருக்கேன் அண்ணாச்சி. ஸ்டாப்புல அந்த வண்டிக்காகக் காத்துக்கிட்டு நிக்கவன நமக்குத் தெரியாது, அதனால ஒண்ணும் தோணாது. அன்னைக்கித்தான் மொத தடவையா காத்துக்கிட்டு நிக்கவன் மூஞ்சியப் பாத்தேன். பாத்துட்டும் போனேன்.

டாக்ஸிக்காரன் பத்து நிமிசத்துல கொண்டுபோயிட்டான். ஒரு வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை. மண்ணுல நட்டு வச்ச ரெண்டு காஞ்ச கொம்பு. அதுல மூணு ஸ்லாத்து. முன்னால ஒரு நாப்பது பேரு வரிசை. ஒருத்தன் கொம்புல இருந்து ஒண்ணப் பிடிச்செடுத்து வாரவுக நெஞ்சுல வைப்பான், போட்டோ எடுப்பான், அவுகள விட்டுப் பிரிச்சி அடுத்த ஆளு நெஞ்சுல வைப்பான். கோயில்ல சடாரி வைக்கிற மாதிரி வேகமா நடக்குது.

செண்பகம் வரிசையில நின்னுக்கிட்டே கேட்டா, "இதான் வதனி சொன்ன எடமா?"

"ஆமா."

"தொடக்கூடாதுன்னு சொன்னாளே."

"ரூல மாத்திட்டாகளாம்."

அவ கொம்புல தொங்குததையே பாத்துக்கிட்டு இருந்தா.

என் மேல வச்சான் மொதல்ல. நான் பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருந்துச்சி. கைப்புள்ள மாதிரி ஒட்டிக்கிட்டு. போட்டோவும் நல்லா விழுந்துச்சி. அடுத்து அவ. அவ கைய நீட்டல. "வேண்டாங்க, நான் பாத்துட்டேன். போதும், போவோம்"னா. எனக்குக் கோவம் வந்துச்சி. உனக்காகத்தான இவ்வளவும், பின்னால ஆளுக நிக்காக, வெக்கப்படாம பிடின்னு சத்தம் போட்டேன். அவன் கையில இருந்து வாங்கி நானே அவ தோள்ல வச்சேன்.

அது ஒரு கையால அவ கழுத்தச் சுத்திப் பிடிச்சிக்கிட்டு. தலைய அவ தோள்பட்டைக்குள்ள பொதைச்சிக்கிட்டு. அவ அசையவே இல்ல. "இதுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க"ன்னா, மெல்லமா. நான் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்.

எடுக்க வந்தப்ப அது விட மாட்டேங்குது. அவ சேலையில நகத்தப் போட்டுப் பிடிச்சிருக்கு. அவன் ஒரு நகமா பிரிக்கான், இது மறுபடியும் போட்டுப் பிடிக்குது. ஒரு சத்தம் போட்டுச்சி அண்ணாச்சி. கீச்சுன்னு, நீளமா. செண்பகம் என்னையப் பாத்து, "விடச் சொல்லுங்க, நான் வச்சிக்கிடுதேன், கொஞ்ச நேரம் வச்சிக்கிடுதேன், விடச் சொல்லுங்க"ங்கா. அவனுக்கு அடுத்த ஆளு நிக்கு. பிடிச்சி இழுத்து எடுத்துட்டான். எடுத்த கையோட ஒரு சின்னப் பொண்ணு நெஞ்சுல வச்சிட்டான்.

டாக்ஸி வெளி கேட்டுப் பக்கத்துல வரும்போது செண்பகம் ஒரே ஒரு வார்த்த சொன்னா. "வதனிகிட்ட நான் பாக்கணும்னுதான் கேட்டேன். தூக்கணும்னு கேக்கல." அவ்வளவுதான். வதனி மேல. பாத்தீயளா? தப்பு வதனி மேல போயி விழுந்துட்டு. நான் அப்பமே சொல்லியிருக்கணும், இல்லம்மா, அவ இந்த எடத்தச் சொல்லலைன்னு. டாக்ஸிக்காரனுக்குத் துட்ட எண்ணிக் குடுத்துட்டு எறங்கிட்டேன்.

கப்பலுக்குப் போனா வதனி வாசல்லயே நிக்கா. அந்த ஆளு போன் பண்ணியிருக்கான், பதினொண்ணேகால் வரைக்கும் அட்டையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், யாரும் வரலைன்னு. செண்பகம் ரூமுக்குப் போயிட்டா, நான் மட்டும்தான் மாட்டுனேன். "அம்மாவுக்கு முழங்கால் வலி, காட்டுக்குள்ள நடக்க வேண்டாம்னுட்டா. சும்மா கரையில சுத்திட்டு வந்தோம்"னேன். "அம்மாவா வேண்டாம்னாங்க?" "ஆமா. நீ அவகிட்ட ஒண்ணும் கேக்காத, அவளே வருத்தத்துல இருக்கா"ன்னேன். சரிப்பான்னுட்டு உள்ள போனா. அதே மாதிரி செண்பகத்துகிட்டயும் போயி, "வதனிகிட்ட ஒண்ணும் சொல்லாத, வயித்துப் புள்ளக்காரி, மனசு கஷ்டப்படுவா"ன்னேன்.

ரெண்டு பேரும் கேக்கல அண்ணாச்சி. ஒருத்தி மேல ஒருத்திக்கு அம்புட்டு பிரியம். கேக்காதன்னா கேக்காம இருந்துட்டாக.

எனக்கு அன்னைக்கி அது நல்ல ஏற்பாடாத்தான் தோணுச்சி. ரெண்டு வண்டியும் மோதாம திருப்பிவிட்டுட்டோம்னு. சாயங்காலம் குரூப்ல போட்டோவப் போட்டேன். அறுபது பேரு கையெடுத்துக் கும்புடுற பொம்ம போட்டானுக. சுடலைமணி ஒண்ணும் போடல, பாத்துட்டு இருந்துட்டான். அந்தப் படத்துல ஸ்லாத்து சிரிச்ச மாதிரி இருக்கும். அதுக்கு மூஞ்சியே அப்படித்தானாம், அழுதாலும் சிரிச்ச மாதிரிதான் இருக்குமாம். செண்பகமும் சிரிச்ச மாதிரிதான் இருக்கா. இந்தா, பாருங்க. என்ன அண்ணாச்சி, மூஞ்சியத் திருப்பிக்கிடுதீய?

சரி, உள்ள வைக்கேன்.

வதனி வீட்டுக்கு வந்த பொறவு ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கிட்டாக. உப்பு போதுமாம்மா, துணி காஞ்சிட்டாம்மா. அவ்வளவுதான் பேச்சு. முந்தி எல்லாம் அடுப்படியில ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் எனக்கு டிவி கேக்க விடாது. ஆவணியில வதனிக்குப் பிரசவம். புள்ள பொறந்து, பேரு வச்சி, புரட்டாசியில திரும்புறதாத்தான் எல்லாம். ஒரு நாளு காலையில செண்பகம், "நாம ஊருக்குப் போயிருவோம்"னா. வதனி கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. "இருங்கம்மா"ன்னு அவ சொல்லுவான்னு இவ பாக்கா. "இருக்கேம்மா"ன்னு இவ சொல்லுவான்னு அவ பாக்கா. நடுவுல நான் நிக்கேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எனக்குத் தெரியும், ஒரே ஒரு வார்த்தை. டிக்கெட்டு தேதிய மாத்துறது எப்படின்னு மாப்பிளைகிட்ட கேட்டேன்.

ஏழு மாசம் அண்ணாச்சி வதனிக்கு. மொதப் பிரசவத்துலயே ரொம்பச் சீப்பட்டுட்டா. அங்க பாக்கதுக்கு ஆளு கெடையாது. ஏர்போட்டுல குனிஞ்சி அம்மா கால்ல விழ முடியாம பாதி குனிஞ்சா. இவ தூக்கி நிறுத்தி, "ஒடம்பப் பாத்துக்க"ன்னா. கட்டிப்பிடிப்பான்னு பாத்தேன். பிடிக்கல.

அங்க இருந்து இங்க வரும்போது பிளேன்ல செண்பகம் சொன்னா. "நான் அவகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக்கூட நல்லா விசாரிக்காம ஏதோ ஒரு எடத்துக்கு அனுப்பிட்டா. என்னையப் பத்தி அவளுக்கு அவ்வளவுதான்." எனக்குத் தாங்கல. நான் ஒரு யோசனை பண்ணுனேன். "அப்படிச் சொல்லாத. வதனி எங்கிட்ட அழுதா. அம்மா பிரசவத்துக்குத் திரும்பி வரணும்னு கேட்டு அழுதா"ன்னு சொன்னேன். வதனி அழல. என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல. ஆனா நல்லதுக்குத்தான சொல்லுதோம்.

செண்பகம் என்னையத் திரும்பிப் பாத்தா. "அவ அழுதாளா, இல்ல நீங்களா சொல்லுதீயளா?"ன்னு கேட்டா.

என் பொண்டாட்டி இதுவரைக்கும் எங்கிட்ட அப்படிக் கேட்டதே கெடையாது. நான் கண்ண மூடித் தூங்குற மாதிரி இருந்துட்டேன். அஞ்சு மணி நேரம் அப்படியே இருந்தேன்.

ஆமா அண்ணாச்சி, நீங்க சொல்லுதது சரிதான். இந்தப் பிளேன்ல நாலு மணி நேரம் இருக்கு, பக்கத்துல உக்காந்து சொல்லிரலாம். ஆனா பக்கத்து சீட்டு இல்ல. பக்கத்து சீட்டுதான் இருந்துச்சி, இங்க எறங்குனதும் கவுன்ட்டர்ல கேட்டு நான்தான் மாத்திக்கிட்டேன். பின்னால கடைசியில, பாத்ரூமுக்குப் பக்கத்துல. அவகிட்ட அவுகளா மாத்திட்டாகன்னு சொன்னேன்.

கோவிக்காதீக. இன்னொண்ணும் சொல்லிருதேன். உங்க போர்டிங் பாஸு சட்டப் பையில நீட்டிக்கிட்டு இருக்கு. வந்து நின்னதுமே பாத்துட்டேன். முப்பத்தொண்ணு பி. அவளுக்கு முப்பத்தொண்ணு ஏ. நான் விட்டுட்டு வந்த எடம்தான் உங்களுக்கு வந்திருக்கு. அதாலதான் தமிழான்னு கேட்டேன். நீங்க பெரிய மனுசரா இருக்கீய, நல்லா பேசுதீய. வழியில பேச்சுவாக்குல, உங்க வீட்டுக்காரர் சொன்னாரு தாயி, அது உங்க மக சொன்ன எடம் இல்லையாமேன்னு நீங்க ஆரம்பிச்சி விட்டாக்கூடப் போதும். அட்டையப் பத்தி வேண்டாம். அதை மட்டும் விட்டுருங்க. வேத்தாளுன்னா அவ கோவப்பட மாட்டா, முழுசா கேப்பா. கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஊரு வந்துரும். எறங்குனதும் வதனிக்கு ஒரு போன போட்டுக் குடுத்துரலாம். எல்லாம் கணக்காத்தான் இருக்கு.

என்ன, மாட்டீகளா?

சரி. கேக்கக்கூடாததத்தான் கேட்டேன்.

இது எதுக்கு எங்கிட்ட நீட்டுதீய? உங்க சீட்டு உங்களுக்கு வேண்டாமா? என் எடம் பாத்ரூம் பக்கத்துல அண்ணாச்சி, நாத்தம் அடிக்கும், உங்களுக்குத் தூக்கம் வராது. இல்ல, பிடியும் பிடியும்னா எப்படி. நாலு மணி நேரம். அந்த அட்டையப் பத்தி நான் எப்படிச் சொல்ல? உன் பேர எழுதிப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தன் நின்னான், நான் உன்னையக் கடலப் பாக்கச் சொன்னேன்னா? அதைச் சொல்லாம மத்தத மட்டும் சொன்னா ஆகாதா?

ஆகாது. எனக்கும் தெரியுது.

அந்தா, அவ கையக் காட்டுதா. என்னையத்தான். பன்னெண்டாச்சில்லா, பிரஷர் மாத்திர. பிளேன்ல அதைக் கேட்டதுல இருந்து எங்கிட்ட சரியா பேசல, ஆனா மணி மட்டும் தப்பாது. பாருங்க, மாத்திரையப் பிரிச்சி உள்ளங்கையில வச்சிட்டா, தண்ணி பாட்டில் மூடியையும் தெறந்து வச்சிட்டா.

குடுங்க அண்ணாச்சி, அந்த போர்டிங் பாஸ. பிளேன்ல ஏறுன ஒடனே சொல்லிருதேன், சாப்பாடு வரதுக்கு முந்தியே. அட்டையில இருந்தே ஆரம்பிக்கேன். அதுக்குப் பொறவு அவ எனக்கு மாத்திர எடுத்துத் தருவாளோ மாட்டாளோ தெரியாது, அதனால இதை இப்பமே போயி வாங்கிப் போட்டுட்டு வந்துருதேன்.